லாக் போட்டால் விழிக்கும்

சின்சூ நகரத்தில் கடைகளுக்குப் பில் போடும் இயந்திரம் செய்கிற கம்பெனி அது. கூட்டம் இல்லாத நேரத்தில் இயந்திரம் தூங்கிவிடும். தொட்டால் விழித்து, யுஎஸ்பி வயரில் தொங்கும் பார்கோடு ஸ்கேனரையும் எழுப்ப வேண்டும். எழுப்பிய கையோடு அதனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கண்விழித்தவன் முகம் கழுவட்டும் என்று விடுவதுபோல, ஒரு கண்சிமிட்டும் நேரம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமையை, ஸ்கேனரை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருளில் ஒரு வரியாக எழுதி வைத்தவள் லியாவ் ஹுய்-ரோங்.

அதைப் பிடுங்கி எறிந்தவன் சுவாங் போ-வெய். அவளிடம் வேலை பழகிய பயல். இயந்திரத்தை வேகமாக விழிக்க வைத்துவிட்டேன் என்று மேலிடத்தில் தம்பட்டம் அடித்து, அவளுக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான். அதை எடுக்காதே, வம்பாகும் என்று அவள் சொன்னபோது, கூட்டத்தில் வைத்தே, "அக்காவுக்கு வயசாயிடுச்சு, எல்லாம் நின்னு நிதானமாத்தான் வரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் எரிந்துகொண்டே இருந்தது. அவன் குப்புற விழ வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால் விழ வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அதற்கும் நேரம் வந்தது. ஒசாகாவிலிருந்து ஓகினோ என்பவர் பெரிய ஆர்டரோடு வருகிறார். இங்கேயோ இயந்திரம் விழித்தாலும் ஸ்கேனர் பாதி நேரம் பிணமாகக் கிடக்கிறது. இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி கோ எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

சுவாங் என்ன செய்தான்? முதல் காரியமாக, இயந்திரத்தின் தலைமேல் இருந்த பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தான். இயந்திரம் சொன்னபடி கேட்க வேண்டும் என்று அந்த ஊரில் எல்லோரும் நம்பி வைப்பதுதான். தேதி தாண்டியிருந்தது. தாண்டினால் அடம்பிடிக்காதா பின்னே! புதுசு வாங்கி வைத்தான். பிறகு எங்கோ இரண்டு இடத்தில் கைவைத்துவிட்டு, டிரைவர் தன் ஒவ்வொரு அடியையும் வரிவரியாக எழுதிக் காட்டும்படி லாக் போட்டுப் பார்த்தான். ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் ஜம்மென்று விழித்தது. நோய் தீர்ந்தது என்று அவனே முடிவுகட்டி, எல்லோருக்கும் ஐஸ் போட்ட பால் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஹுய்-ரோங்குக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த வரிகளை எழுதப் பிடிக்கிற நேரம்தான், அவன் பிடுங்கிய பொறுமையின் வேலையைச் செய்கிறது. லாக்கை நிறுத்தினால் பழைய கதைதான். மடையனுக்கு அதுகூடத் தோன்றவில்லை. அவள் வாய் திறக்கவில்லை. அவன் வாங்கித் தந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள், நன்றாகவே இருந்தது.

மறுநாள் ஓகினோ வந்தார். லாக்கெல்லாம் வேண்டாம், விற்கப்போகிற நிலையில் காட்டுங்கள் என்றார். சுவாங் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். இயந்திரம் தூங்கியது, விழித்தது. ஸ்கேனர் அசையவில்லை. மறுபடி தூங்க வைத்து எழுப்பினான், அப்போதும் இல்லை. முதலாளி கோவின் முகம் கறுத்துவிட்டது. ஹுய்-ரோங் பக்கம் திரும்பி, உன்னால் முடியுமா என்று கேட்டார்.

"ஒரே வரிதான், இப்பவே போட்டுடலாம். ஆனா அதை எடுத்தது யாருன்னு மேனேஜர் முதல்ல சொல்லட்டும்."

சுவாங்கின் காதுமடல் சிவந்தது. நான்தான் என்று முனகினான்.

"காதுல விழல."

"நான்தான் எடுத்தேன்."

அவள் அந்த வரியைப் போட்டாள். ஸ்கேனர் விழித்தது, ஓகினோ தலையாட்டினார். ஹுய்-ரோங்குக்கு நெஞ்சு குளிர்ந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சுவாங் அவளை நடையில் மறித்தான். கண் கலங்கியிருந்தது.

"நேத்தே தெரியுமாக்கா உங்களுக்கு?"

"தெரியும்."

"அவர் எழுந்து போயிருந்தா கம்பெனியே போயிருக்கும். உங்க வேலையும் சேத்து."

"ஆமா" என்றாள் ஹுய்-ரோங். "அதையும் யோசிச்சுட்டுதான் சும்மா இருந்தேன்."