ஜன்னலோர நாற்காலி

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரம் இருப்பது அண்ணனுடையது, பின்கதவை ஒட்டி இருப்பது தம்பியுடையது. அண்ணனின் வலது முழங்கையில் வலி வந்து, கத்தரியைப் பிடித்தாலே உயிர் போகிறது என்றானபோதுதான் அந்த ஏற்பாடு கவிழ்ந்தது.

"இது டென்னிஸ் எல்போ" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

"விளையாடினவன் எவனோ, வலி மட்டும் எனக்கா?"

அவள் சிரிக்கவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையைக் கட்டினாள். முன்கையை மேசைமேல் வைத்து, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். "ஏத்தறதுக்கு இடது கையால தாங்கிக்கோங்க. இறக்கறது மட்டும் வலது கை. அவசரப்பட்டா மறுபடி முதல்லேர்ந்துதான். அதுவரைக்கும் கத்தரியைத் தொடாதீங்க."

அண்ணன் வீட்டில் கிடப்பாரா? தினமும் கடைக்கு வந்து, காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று தம்பி ஜன்னலோரம் மாறிவிட்டானாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். பிடரியில் ஒரு கோணல், கிருதாவில் ஓர் ஏற்ற இறக்கம், ஏதாவது அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போதாக்குறைக்குத் தபால்காரர் வந்தார். அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் தலையைக் கொடுக்காத மனிதர். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நேரே தம்பியிடம் போய் உட்கார்ந்தார். வெட்டி முடிந்ததும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லையே, வயசே குறைஞ்சுபோச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் அவர் "ம்" என்பதற்கு மேல் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் பாட்டிலை விளிம்புவரை நிரப்பினார். விறுவிறுவென்று ஏற்றினார், இறக்கினார், எல்லாம் வலது கையாலேயே. மறுநாள் பல் துலக்க பிரஷைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

"யாரோட போட்டி போட்டீங்க?" என்றாள் பிசியோதெரபிப் பெண். பொறாமையில் கிடைத்த லாபம், தம்பிக்கு ஜன்னலோரத்தில் இன்னும் ஒரு மாதம்.

இதற்குள் அவர் தலை காடாகிவிட்டது. அடுத்த தெரு சலூன்காரர் இவருக்கு வெட்டுவார், பதிலுக்கு இவர் அவருக்கு வெட்டுவார். கை இல்லாமல் எந்த முகத்தோடு போவது? தம்பியிடம் தலையைக் குனிவதா? அதற்கு முடியோடே இருந்துவிடலாம்.

"சலூன் வச்சிருக்கறவர் தலையா இது?" என்று மனைவி மானத்தை வாங்கினாள்.

ஒருவழியாகக் கை தேறியது. கத்தரியைத் தொடலாம் என்று உத்தரவு கிடைத்த மறுநாள் அவர் கடைக்குள் நுழைந்தபோது, தம்பி தன் சாமான்களைப் பின்கதவோரம் மாற்றி வைத்திருந்தான்.

"உன் நாற்காலியில உக்காருண்ணே. இந்தத் தலையோட நின்னா ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். முடித்ததும் தம்பி கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்தான். பிடரிக் கோடு நூல் பிடித்தாற்போல இருந்தது.

"எப்படிண்ணே?"

"ம்" என்றார். தம்பியின் முகம் விழுந்தது. அந்த "ம்"மை வருஷக்கணக்கில் வாங்கிய மனிதரல்லவா, அவருக்கே பொறுக்கவில்லை.

"நல்லா இருக்குடா" என்றார். பாட்டிலை இறக்கியபோதுகூட அவ்வளவு சிரமப்பட்டதில்லை. "ஆனா ஜன்னலோரம் என்னுது."

"உன்னுதுதான். நான் எப்போ இல்லைன்னேன்?"

அண்ணன் எழுந்து, துணியை உதறி, கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தபால்காரர் உள்ளே வந்தார். "அட, கை சரியாயிடுச்சா? ரொம்ப சந்தோஷம்" என்று மனதாரச் சொல்லிவிட்டு, பின்கதவோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.