அனுப்புகிறவர்கள் எல்லாரும்

"நாளைலேருந்து நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு" என்று கைப்பேசியில் எழுதி அவளிடம் நீட்டிவிட்டு, கணவன் காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினான். வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவன். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவன் பொறுப்பு. அன்று பள்ளி சீக்கிரம் விட்டிருந்தது. பள்ளியின் செயலியிலிருந்து அவன் கைப்பேசிக்கு மூன்று முறை அழைப்பு போயிருக்கிறது. காது கேட்காதவனுக்கு மூன்று முறை என்ன, முப்பது முறை அழைத்தால்தான் என்ன? மகள் இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

அந்தப் பள்ளிச் செயலியை எழுதியது தன் அலுவலகம்தான் என்பது அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் போனதும் முதல் வேலையாக அதன் ஜாவா நிரலைத் திறந்தாள். 'தகவல் அனுப்புபவர்' என்று ஓர் இன்டர்ஃபேஸ்; என்ன வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம். அதன்படி வேலையைச் செய்ய எழுதிய நிரல் துண்டுகள், கிளாஸ்கள், இரண்டு. ஒன்று அழைக்கும், மற்றது குறுஞ்செய்தி அனுப்பும். யாரோ பார்த்துப் பார்த்து எழுதிய அந்தக் குறுஞ்செய்தி கிளாஸ் ஒரு வருடமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது. நிரல் கேட்டதே ஒரே ஓர் அனுப்புபவரைத்தான். முதன்மை என்று முத்திரை குத்திய அழைப்பையே, நிரலுக்கு வேண்டிய பாகங்களை எடுத்து இணைக்கும் ஸ்பிரிங் என்ற கட்டமைப்பு ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தது.

நிரல் ஸ்பிரிங்கிடம் கேட்கிற விதத்தை அவள் மாற்றினாள். ஒருவர் போதாது, இந்த வேலை தெரிந்த அத்தனை பேரையும் லிஸ்டாகக் கொடு. பிறகு ஒவ்வொருவரையும் அனுப்பச் சொல்லி மூன்று வரிகள்.

யார் எழுதியதிலும் கை வைக்காமல் விடாததால் 'கத்திரி' என்று பெயர் வாங்கிய டீம் லீட், திரையை உற்றுப் பார்த்தார்.

"முதல் ஆள் சொதப்பினா, பின்னாடி நிக்கிறவன் கதி என்னம்மா?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. அங்கேயே நின்று, ஒருவர் தவறினாலும் அடுத்தவருக்குப் போகும்படி எழுதினாள்.

"இப்போ சரியா சார்?"

"சரிதான். எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"எங்க வீட்டுக்காரர் மறுபடியும் பொண்ணைக் கூப்பிடப் போகணும் சார்."

கத்திரி அதற்குமேல் எதிலும் கை வைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலைக்கு நடுவே கணவனிடமிருந்து செய்தி வந்தது.

"பன்னண்டு மணிக்கே விடறாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. இது ஸ்கூல் அனுப்பினதா, இல்ல என்னைக் கிளப்ப நீ அடிச்சு விட்டதா?"

"சத்தியமா ஸ்கூல்தான். நான் போகட்டுமா?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டவும் ஒரு படம் வந்து விழுந்தது: வீட்டுக் கதவருகே அவனுடைய இரண்டு கால்கள். ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டியாகிவிட்டது.