லூனெஸ் முதல் எண்ணியவர்

கடல் தாண்டி இருந்த மருமகளோடு பேசச் சலவைக்கடைக்காரரிடம் இருந்தவை ஏழே ஏழு சொற்கள். வெளிநாட்டு வேலைக்குப் போன மகன் அங்கேயே ஸ்பானிஷ் பேசும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். "கிழமைகளையாவது கத்துக்கங்கப்பா, அவ சந்தோஷப்படுவா" என்று லூனெஸ், மார்டெஸ் என ஏழையும் போனில் வரிசையாகச் சொன்னான். வாரம் ஞாயிற்றுக்கிழமையில்தானே தொடங்கும்? யாரைக் கேட்க வேண்டும்? லூனெஸை ஞாயிறாக்கி, மளமளவென்று மனப்பாடம் செய்துவிட்டார். ஏழையும் ஒப்பித்தபோது மருமகள் கைதட்டினாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. துணி போட வருகிறவர்களிடம் "மார்டெஸ் வாங்க" என்று சொல்லி, "புரியற மாதிரி சொல்லுய்யா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த மகன், வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்து செத்துப்போனான்.

மருமகள் வீடியோவில் வந்து அழுதாள். கண்ணை மூடிப் படுத்திருப்பதுபோலக் காட்டினாள், போனைத் தொட்டாள், "வியெர்னெஸ், வியெர்னெஸ்" என்றாள். அடக்கத்துக்கு முன் முகத்தைக் காட்டப்போகிறாள் என்று புரிந்தது. அவர் விரல்விட்டு எண்ணினார். ஐந்தாவது நாள்.

"வியாழக்கிழமை காட்டுவாடி" என்றார் மனைவியிடம்.

வியாழனன்று கடையைச் சாத்திவிட்டு இருவரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அது வாய் திறக்கவில்லை. இவர் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. பாவம், பிணவறைக்கும் கல்லறைக்கும் அலைந்துகொண்டிருந்திருப்பாள். இவருக்கு அது எங்கே தோன்றியது?

"புள்ள போனதும் நாம யாரோ ஆயிட்டோம்" என்றாள் மனைவி.

"அவ சங்காத்தமே வேணாம்." போனை அணைத்து அலமாரியில் போட்டார். மறுநாள் கடை திறந்து, ஊரார் சட்டைகளின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

சாயங்காலம் பெற்ற மனம் கேட்கவில்லை. போனைத் திறந்தார். மருமகள் காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டிருந்தாள். பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டார். அவள் முகத்தில் கோபமில்லை. எங்கே போனீர்கள் என்ற கேள்விதான் இருந்தது. போனைக் கீழே திருப்பினாள். புதிதாக மூடிய மண்.

"முகம் எங்கங்க?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

இன்று வெள்ளி. அவர் திங்களிலிருந்து எண்ணிப் பார்த்தார். சரியாக வந்தது.

"அவங்களுக்கு வாரம் திங்கள்ல ஆரம்பிக்குது போல. நான்தான் ஞாயித்துக்கிழமைலேர்ந்து எண்ணித் தொலைச்சிட்டேன்."

மனைவி திட்டியிருந்தால் தேவலை.

"எண்ணினது தப்புன்னா போகட்டும்ங்க" என்றாள். "இன்னும் ஒருநாள் அந்தப் போனைத் தொறந்து வைக்க நமக்கு மனசு வரலையே."