அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து

"சிவப்பா, பச்சையா?" அண்ணன் பிள்ளைகளுக்குக் கேட்காதபடி முணுமுணுத்தார்.

"சிவப்புண்ணே."

வேன் நின்றது. பின்னால் பிள்ளைகள் கும்மாளமடித்தார்கள்.

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. அண்ணனுக்குக் கண்ணாக இருப்பது சம்பளமில்லாத இன்னொரு வேலை. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். "அதான் நீ பக்கத்துல இருக்கியே, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். தலையாட்டிவிட்டேன். புருஷன் விட்டுப் போனபோது என்னையும் மகளையும் வீட்டில் சேர்த்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

நன்றிகெட்டவன் என்பது அண்ணன் வாயில் சதா புரளும் சொல். வேறு கடைக்குப் போன மெக்கானிக் நன்றிகெட்டவன். தனிக்குடித்தனம் போன மச்சினன் நன்றிகெட்டவன். தண்ணீர் ஊற்றியும் பூக்காத ரோஜாச் செடிகூட நன்றிகெட்டதுதான். செய்த உதவியை மறந்தவர் என்று ஊருக்கெல்லாம் அர்த்தம். எங்கள் வீட்டில், அண்ணனை எதிர்த்துப் பேசியவர் என்று அர்த்தம். அப்படிப் பேர் வாங்கியவர் பிறகு வாசலை மிதிக்க முடியாது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்?

பள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு பொடியன் வாந்தி எடுத்தான். திரும்பி அவன் வாயைத் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான். நிமிர்ந்தால், எதிரே கைக்குழந்தையோடு ஒருத்தி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே! பிரேக்கு!"

வேன் குலுங்கி நின்றது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து அலறினார்கள். அந்தப் பெண் எங்கள் பம்பரில் ஒரு கையை ஊன்றியபடி நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன அது, நாயா?" என்றார் அண்ணன்.

எட்டிச் சாவியை உருவினேன்.

"போதும்ண்ணே. ஸ்கூல்ல சொல்லிடப் போறேன்."

அவர் ஏதாவது சொல்வதற்குள் இறங்கி, அந்தப் பெண்ணை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தேன். பின்னால் வண்டிகள் விடாமல் ஹாரன் அடித்தன. பிள்ளைகளின் அழுகை ஓயவில்லை. அண்ணன் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்னடி குறை வெச்சேன்? நன்றிகெட்டவளே!"

அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றேன். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டியபடி, என் காலி சீட்டைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.