மயங்குவதில் கெட்டிக்காரி

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் அல்ல பெய்சுவான். காவோசியுங் துறைமுகத்து இசைத் திருவிழாவில், மேடைக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தடுப்புக்கு உள்பக்கம் நின்று பல வருடங்களாகக் காவல் காக்கிறாள். தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பாள். குடையைப் பிடுங்கி வைப்பாள். பிள்ளைத்தாய்ச்சி என்று வழி கேட்ட ஒருத்தியின் வயிற்றிலிருந்து ஆறு பீர் டின்களை வெளியே எடுத்த புண்ணியவதி இவள்தான்.

அப்பேர்ப்பட்டவளையே நேற்று ஒரு பெண் ஏமாற்றிவிட்டாள். தலைமுடிக்கு ரோஸ் சாயம் பூசிய பெண், தடுப்பைப் பிடித்தபடியே கண் செருகிச் சரிந்தாள். பதறிப்போன பெய்சுவான் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தடுப்புக்கும் மேடைக்கும் நடுவிலிருந்த சந்தில் கிடத்தினாள். பாடகன் லியென் தாவ் ரசிகர்களின் கையைத் தொட அந்தச் சந்து வழியாகத்தான் ஓடி வருவான். அவன் வந்ததும் செத்தவள் எழுந்தாள். அவன் கையைப் பிடித்துத் தொங்கியவளைப் பிரித்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மேற்பார்வையாளர் சும்மா விடவில்லை. "இன்னொரு தடவை நடிகைய உள்ள இழுத்துப் போட்டே, அப்புறம் கார் நிறுத்துற இடத்துல விசில் ஊதிட்டுக் கிட," என்றார்.

இன்று மாலை அதே ரோஸ் தலை. அதே இடம்.

"வந்துட்டாங்கய்யா மயக்கத்து மகாராணி," என்றான் கூட நின்ற காவலன் ஆதே.

"ஆன்ட்டி! நேத்து ரொம்ப தேங்க்ஸ்!" என்று கையாட்டினாள் அந்தப் பெண். பெயர் யீஹுவேய் என்று அவளே சொன்னாள், கேட்காமலேயே.

"ஆன்ட்டியா? அக்கான்னு கூப்பிட்டாக்கூட இன்னைக்குத் தூக்க மாட்டேன். நீ ஆன்ட்டிங்கறே."

கச்சேரி சூடுபிடித்தது. பெய்சுவானின் கண் மட்டும் ரோஸ் தலையை விட்டு நகரவில்லை. அவள் தும்மினால்கூட உள்நோக்கம் இருக்கும் என்று தோன்றியது. லியென் தாவ் மேடையிலிருந்து இறங்கியதும், பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. கடற்கரை மணலில் நட்ட தடுப்பு கிரீச்சிட்டது.

"அக்கா, மூச்சு முட்டுது. தூக்கி விடுங்க."

"நேத்தும் முட்டுச்சு இல்ல?"

"நிஜமாக்கா... சத்தியமா..."

ஆதே தயங்கினான். "தூக்கிடலாமா?"

"சும்மா இருடா. அவன் கீழ இறங்குற நேரம் பாத்துக் கரெக்டா முட்டுது பாரு, அவளுக்கு."

அவன் இறங்கியதால்தான் கூட்டம் நெருக்குகிறது என்பது பெய்சுவானுக்குத் தெரியாதா என்ன? தெரியும். புதிதாக வருகிற காவலர்களுக்கு அவளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. ஆனால் கோபத்துக்கு ஏது கண்.

யீஹுவேய் அதற்குப் பிறகு பேசவில்லை. முகவாயை மேலே தூக்கி வானத்தைப் பார்த்தாள். நேற்றைவிட நன்றாக நடிக்கிறாள், ராத்திரி வீட்டில் ஒத்திகை பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் பெய்சுவான்.

லியென் தாவ் வரிசையாகக் கைகளைத் தொட்டபடி வந்தான். ரோஸ் தலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தான். நின்று, அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினான். பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பத்துக் கைகள் அதைப் பிடிக்கப் பாய்ந்தன. அவளுடைய கை மட்டும் வரவில்லை.

எந்தக் கைக்காக நேற்றுப் பிணம்போலக் கிடந்தாளோ, அந்தக் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தொட ஒரு விரல்கூட எழவில்லை.

பெய்சுவான் பாடகனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடித்து, "பாட்டை நிறுத்து! நிறுத்துங்கடா!" என்று கத்தினாள். பாட்டு நின்றது. லியென் தாவுக்கும் விஷயம் புரிந்தது. "எல்லாரும் பின்னால போங்க! ஒவ்வொரு அடியா, பின்னால!" என்று ஒலிவாங்கியில் கெஞ்சினான்.

பெய்சுவானும் ஆதேயும் அவளை இழுத்தார்கள். வரவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் இரும்புக்கும் உடம்புகளுக்கும் நடுவில் மாட்டியிருந்தன. கூட்டம் கொஞ்சம் இளகிய பிறகுதான் பிடுங்கி எடுக்க முடிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. சந்தில் கிடத்தியதும் ஒரு பெரிய விக்கலோடு மூச்சு திரும்பியது. பெய்சுவான் அழுதேவிட்டாள்.

மருத்துவக் கூடாரத்தில் அவளுக்குப் பிராணவாயு வைத்திருந்தார்கள். பெய்சுவான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யீஹுவேய் கண் விழித்தாள். பாடகனைக் கேட்கவில்லை. சட்டையை விலா வரை உயர்த்தி, குறுக்கே கன்றிப்போயிருந்த கோட்டைக் காட்டினாள்.

"பாருங்கக்கா. நடிக்கல. டாக்டர்கிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க."

"நம்புறேன்மா. பேசாம படு."

அவள் படுக்கவில்லை. மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டு, பெய்சுவானை மேலும் கீழும் பார்த்தாள்.

"சும்மாதானே சொல்றீங்க?" என்றாள்.