தலைப்புக் கார்டு

மூங்கிலை உருவி எடுத்துட்டான் புருஷோத்தமன். பாடை கட்டறதுக்குன்னு காலையிலதான் வாங்கிப் போட்ட மூங்கில். முதல் அடி உமாசங்கர் தோள்ல விழுந்துச்சு, அடுத்தது காதோரம். கையில கொண்டு வந்த சாமந்தி மாலை அறுந்து வாசல் பூரா பூ.

"கொன்னுட்டு மாலை வேறயாடா உனக்கு? மாலை!"

டப்பு மேளம் அடிக்கறவங்க கையை நிறுத்திட்டாங்க.

உள்ள வேதாசலம் கிடக்கறாரு. ஆஸ்பத்திரியில தலையைச் சுத்திக் கட்டுன துணியோடயே குளிப்பாட்டியாச்சு. அதை அவுக்க யாருக்கும் தைரியம் வரல. கால்மாட்டுல உக்காந்திருந்த தங்கச்சி கனகவல்லி சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தா.

அடிக்கறவன் வேதாசலத்தோட மச்சினன், அவ அண்ணியோட தம்பி. லாலாகூடா ரயில்வே பட்டறையில சம்மட்டி புடிக்கற கை. அடி வாங்கறவன் இதே குஷாய்குடாவுல அடுத்த லைன் வீட்டுக்காரன், வேதாசலம் ஆபீஸ் வேலை பாத்த அதே ஃபேக்டரியில தொழிலாளி.

"நக்கோ பாய், வேணாம்! நான் ஒருத்தனா அடிச்சேன்? நாப்பது பேரு!"

"அப்ப அடிச்சேல்ல?"

"அடிச்சேன்! சர்ப்ளஸ், மிச்ச ஆளுன்னு என் பேரை ஒட்டுனாரு. எட்டு வருஷ சர்வீஸ், வீட்டுக்குப் போடான்னு ஒரு காகிதம்! சார், இது நெசமான்னு கேட்டேன். சிரிக்கறாரு! கம்ப்யூட்டர் போட்டதுப்பா, தப்பே வராது, மிட்டாய் எப்பத் தரேன்னு கேக்கறாரு!"

மறுபடியும் மூங்கில். இந்தத் தடவை வாயில. ஒரு பல்லு வெளியில வந்து விழுந்துச்சு.

மிட்டாய். கனகவல்லிக்கு அப்பத்தான் எல்லாம் புரிஞ்சுது.

அவளுக்கு அதே ஃபேக்டரியில கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. கார்டுல ஓட்டை போடற பஞ்ச் ஆபரேட்டர். அண்ணன்தான் சொல்லி வாங்கிக் குடுத்தாரு. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. கட்டுக்கு மேல ஒரு தலைப்புக் கார்டு வப்பாங்க. அதுல என்ன ஓட்டை இருக்கோ அதைத்தான் மெஷின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில அடிக்கும். பேரு கார்டை ரெண்டு பேரு தனித்தனியா அடிச்சு ஒத்துப் பாப்பாங்க. தலைப்புக் கார்டை யாரும் பாக்கறதில்ல. ஒரே ஒரு கார்டுதானேன்னு.

போன வாரம் ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்கன்னு சர்ப்ளஸ் லிஸ்டு ஒண்ணு ஓட்டுனாங்க. அந்தத் தலைப்புக் கார்டு அவ ட்ரேயிலயே கிடந்துச்சு. வியாழக்கிழமை குவார்ட்டர்ஸ், அதான் ஃபேக்டரி வீடு, கிடைச்சவங்க லிஸ்டு. சாப்பாட்டு மணிக்குள்ள போர்டுல ஒட்டணும்னு அவசரம். ட்ரேயில கிடந்த அந்தப் பழைய கார்டையே எடுத்து மேல வச்சா. அண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரு. தங்கச்சி குடுத்ததுதானேன்னு தலைப்பை அவரும் பாக்கல, ஒட்டிட்டாரு.

வெளியில உமாசங்கர் மண்ணுல சுருண்டு கிடக்கான். புருஷோத்தமன் மூங்கிலை ரெண்டு கையாலயும் தூக்கறான். தலையைப் பாத்து.

"மாமா, வேணாம்! அது குவார்ட்டர்ஸ் லிஸ்டு!"

மூங்கில் அந்தரத்துல நின்னுச்சு.

"தலைப்புக் கார்டை மாத்தி வச்சது நான்தான். அண்ணன் மிட்டாய் கேட்டது... அது வீட்டுக்கு மாமா. இவருக்கு வீடு கிடைச்சிருக்கு."

உமாசங்கர் ரத்தத்தைத் துப்பிட்டு அண்ணாந்து பாத்தான். "வீடா? எனக்கா?"

வாயைப் பொத்திக்கிட்டான். அதுக்குள்ளருந்து வந்த சத்தம் அழுகையா என்னன்னே தெரியல.

அண்ணி கமலா எந்திரிச்சு வந்தா. காலையிலருந்து ஒரு சொட்டு கண்ணீர் விடாதவ.

"அப்ப அவரு எதுக்கு அடிக்கறாங்கன்னு தெரியாமயே செத்தாராடி?"

"அண்ணி..."

"கேக்கறேன்ல? தெரியாமயேவா?"

கனகவல்லி தலையைக் குனிஞ்சா. அவ வலது கையை அண்ணி புடிச்சு நிலைக்கதவுக்கு இழுத்துட்டுப் போனா. விரலை நிலையில வச்சு கதவை அறைஞ்சா. கனகவல்லி கத்துனா, ஆனா கையை இழுக்கல. இன்னொரு தடவை. வாசல்ல அத்தனை ஆம்பளைங்க இருந்தாங்க, ஒருத்தரும் உள்ள வரல. மூணாவது தடவை அண்ணிக்கே தெம்பில்லாம கதவு தானா மெதுவா வந்து இடிச்சுது.

புருஷோத்தமன் மூங்கிலைக் கழுவிக் கொண்டு வந்து பாடை கட்டுனான். வேற மூங்கில் இல்ல.

வாய்க்கரிசித் தட்டு வந்துச்சு. அண்ணி போட்டா, அண்ணியோட அம்மா போட்டா. கூடப் பொறந்தவ முறை. வீங்கின விரல் மடங்கல. எடுத்த அரிசி அத்தனையும் இடுக்கு வழியாப் பாயில கொட்டிப் போச்சு. கனகவல்லி இடது கையை நீட்டுனா.

"இடது கையால ஆகாதும்மா"ன்னு யாரோ மெதுவாச் சொன்னாங்க.

தட்டு அடுத்த ஆளுக்குப் போச்சு.