மங்கிய பக்கம்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் விருத்தாசலத்துச் சக்கரபாணிக்கு முதுகு இல்லாமல் போயிற்று. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. பிடரியிலிருந்து குதிகால் வரை பின்பக்கம் முழுவதும் கண்ணாடியாகி, பின்னால் நிற்பவர்களைக் காட்டியது. மேலே போட்ட சட்டையும் அந்தப் பக்கம் கண்ணாடியாயிற்று. ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் முதலில் பார்த்தவர்கள் அதில் தலை வாரிக்கொண்டார்கள். ஒருவர் பல்லில் சிக்கியிருந்த கீரையை எடுத்தார். அன்றைக்கு வெங்காய விலை ஏறியிருந்ததால் பேச்சு சீக்கிரமே அந்தப் பக்கம் போய்விட்டது.

சக்கரபாணியின் குடும்பம் முன்பு ஊறுகாய் ஜாடியும் டீக் கோப்பையும் செய்யும் பீங்கான் யூனிட் வைத்திருந்தது. அதை மூடிவிட்டு அவர் நாணயங்களுக்குத் தரம் பார்த்துச் சொல்லும் கடையை ஒரு மாடியில் திறந்தபோது ஊரே கைகொட்டிச் சிரித்தது. ஆனால் சேலத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூரியர் வந்து குவிந்தது. வந்தது அவருக்காக அல்ல, சிவசங்கரிக்காக. நல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் அந்தப் பெண் பெங்களூரில் இந்த வேலையைப் பழகியவள். அவள் பார்த்தாள் என்றால் காசைக் கண்ணால் பார்க்காமலே வாங்கினார்கள். அவளிடம் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

புரூஃப் காசு கடைத்தெருவில் புழங்குவதற்கு அல்ல, சேகரிப்பவர்களுக்காக மெருகேற்றிய அச்சில் தனியாக அடிப்பது. அதன் வெற்றுப் பரப்பு கண்ணாடி போலக் கறுத்துக் கிடக்கும். மேலெழுந்த உருவம் பனி பூத்து வெளுத்திருக்கும். இந்தக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் எவ்வளவு எடுப்பு என்று சொல்வதுதான் வேலை. எடுப்பாக இருந்தால் கேமியோ. பார்த்த மாத்திரத்தில் உருவம் துள்ளி எழுந்தால் டீப் கேமியோ. இரண்டும் இல்லையென்றால் வெறும் புரூஃப். அச்சு புதிதாக இருக்கையில் விழும் காசுகளுக்கே பனி நன்றாகப் பிடிக்கும்; அடிக்க அடிக்க அச்சு தேய்ந்து பனி போய்விடும். ட்யூப் லைட்டை அணைத்து, ஒற்றை பல்பின் கீழே, விளிம்பை மட்டும் பிடித்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாமல் இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் மங்கலோ அதுதான் காசின் தரம். முன்பக்கம் ஜொலித்து மறுபக்கம் சப்பையாக இருந்தால் அது சப்பைக் காசுதான், தாட்சண்யமே கிடையாது. பார்த்தவர் பெயரைச் சீட்டில் அச்சடித்துக் காசோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடுவது அந்தக் கடை வழக்கம்.

புதன்கிழமை அவள் மேசைக்கு வந்தது சக்கரபாணியின் சொந்தக் காசு. ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் சிங்கம். யானை அப்படியே எழுந்து நடந்துவிடும் போல நின்றது. சிங்கமும் வெளுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அவள் சாய்த்தபோது அந்த வெளுப்பு அசையவில்லை. பனி என்றால் பொடிப்பொடியாக மின்னி வெளிச்சத்தோடு நகர வேண்டும். இது சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போலச் செத்துக் கிடந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தவளுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. பீங்கான் ஊர்க்காரனுக்கு வெளுப்பு என்றால் வெள்ளைக் களிமண்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. மயிலிறகுக் காம்பால் கோப்பைக்குப் பூ எழுதுகிற மாதிரி, மனிதர் சிங்கத்தின் பிடரிக்குக் களிமண் கரைத்துப் பூசியிருந்தார்.

“இது பனி இல்லீங்க, களிமண்ணு. சிங்கத்துப் பக்கம் ஒண்ணுமே இல்ல. வெறும் புரூஃப்” என்றாள்.

“யானைய பாரும்மா. யானை எப்டி இருக்குது! கோகுல்ராஜ் டீப் கேமியோன்னு சொல்லிட்டான்.”

கடையில் தரம் பார்க்கும் இன்னொருவனான கோகுல்ராஜ் மேசைத் துணியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். காசின் சிங்கப் பக்கத்தை அவன் திருப்பியே பார்க்கவில்லை என்பது அவன் நிமிராததிலேயே தெரிந்தது. மானங்கெட்ட பிழைப்பு. சிவசங்கரி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவள், காசுக்காக எடுத்து வைத்திருந்த உறையில் ஏற்கெனவே சீட்டு இருப்பதைப் பார்த்தாள். டீப் கேமியோ என்றும், கீழே அவள் பெயரும் அச்சாகியிருந்தன. சேலத்துக்காரர் ஒருவருக்கு அது அன்று சாயங்காலமே போகிறது.

“எம் பேர எடுங்க.”

“அச்சடிச்சாச்சும்மா. ஒரே ஒரு காசு. யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க?”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. “மறுபக்கம் பாக்காத ஆளுக்கு மறுபக்கம் எதுக்குங்க?” என்றாள். படியிறங்கிப் போய் நல்லூர் பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாயிற்று.

விருத்தாசலம் எதற்கும் பழகிவிடும் ஊர். தையல்காரர் சக்கரபாணியின் சட்டைகளுக்கு முன்பக்கம் மட்டும் தைத்துக் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் அவருக்குப் பின்னால் நிற்கப் பெண்கள் போட்டி போட்டார்கள். மோட்டார் சைக்கிளில் அவர் போனால் பின்னால் வரும் லாரியின் விளக்கு அந்த டிரைவரின் கண்ணையே கூசச் செய்தது என்று போலீஸ்காரர் முதுகில் கோணிப்பை கட்டிக்கொள்ளச் சொன்னார், கோணிப்பையும் கண்ணாடியாயிற்று. பழமலைநாதர் கோயிலில் அவர் விழுந்து கும்பிட்டபோது முதுகில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. கூட்டம் அதையும் சேர்த்துக் கும்பிட்டது.

சிவசங்கரிதான் பழகவில்லை. களிமண் விஷயம் சேலத்தில் தெரிந்து, சென்னை, பெங்களூர் வரை பரவி, அவள் பெயர் சந்தி சிரித்தது. வேறு கடைகளில் வேலை கேட்டபோது “களிமண் மேடம்” என்று ஒருவன் போனிலேயே சிரித்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போன் பழுத்துக் கை சுட்டது. அவள் அதைத் தண்ணீர்க் குடத்தில் போட்டாள். குடம் கொதித்தது. அதிலேயே சோறு வடித்தார்கள்.

மாசியில் சக்கரபாணி நல்லூருக்கு வந்தார். முழு விலையையும் திருப்பிக் கொடுத்துக் காசைச் சேலத்திலிருந்து மீட்டிருந்தார். உறை உடைந்திருந்தது. யாரோ கழுவிக் களிமண்ணை நீக்கியிருந்தார்கள்.

“பாத்துச் சொல்லும்மா. என்ன இருக்குதோ அதையே போடு. சேலத்துக்காரரு, கோயம்புத்தூருக்காரங்க, அல்லாருக்கும் நான் செஞ்ச வேலைய எழுதி அனுப்பிட்டேன்.”

அவள் ஜன்னலைச் சாத்தி ஒற்றை பல்பைப் போட்டாள். அவசரப்படவில்லை. யானையை, தன் வாழ்நாளில் முதல்முறை ஒரு காசைப் பார்ப்பவள் போல, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அவ்வளவு அழகான யானை அவள் கைக்கு வந்ததேயில்லை, அதுவே அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது. பிறகு சிங்கத்தைத் திருப்பினாள். வெறும் புரூஃப் என்று எழுதி, கீழே தன் பெயரைத் தன் கையால் எழுதி, புது உறையில் வைத்து அழுத்தி மூடினாள்.

சக்கரபாணி எழுந்திருக்கவில்லை. “அப்ப… எம் முதுகு?”

“அது எனக்குத் தெரியாதுங்க. நான் காசுதான் பாக்கறேன்.”

அவர் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அவள் வாசலில் நின்றாள். தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்த அந்தக் கண்ணாடியில் அவள் வீடும், வாசலும், வாசலில் நிற்கும் அவளும் துல்லியமாகத் தெரிந்தன. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.